"சீர்திருத்தப் பள்ளியில போட்டுடுவேன்" - ஒரு மிரட்டலின் வரலாறு

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த வசனம் புதிதாக இருக்காது. பிள்ளை ஐந்து ரூபாயை எடுத்துவிட்டு எடுக்கவில்லை என்று சாதிக்கும். பக்கத்து வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு "அவன்தான் ஒடச்சான்" என்று தம்பியைக் காட்டும். அப்போது பார்த்துக்கொண்டிருக்கும் ஆயா கத்துவார்: "இரு இரு, உங்கம்மா வரட்டும். உன்ன சீர்திருத்தப் பள்ளியில போட்டாத்தான் அடங்குவே!" பூச்சாண்டி, போலீஸ்காரர், பிள்ளை பிடிப்பவன் என்ற வரிசையில் இதுவும் ஒரு மிரட்டல். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் சுமார் 80 வருடங்கள் இது வெறும் மிரட்டல் இல்லை, சட்டம். "என் பிள்ளை எனக்கு அடங்கவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று பெற்றவர்களே நீதிமன்றத்தில் போய்ச் சொல்லி, பிள்ளையை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வழி இருந்தது. அந்தப் பிள்ளை எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை. அடங்காமல் இருந்தால் போதும்! இந்தக் கதை 1920-ல் ஆரம்பிக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அதன் வேர் இன்னும் பின்னால், 1789-ல், எழும்பூரில் இருக்கிறது.

அதற்கு முன் ஆயா என்ற சொல்லைப் பற்றி ஒரு சின்ன விஷயம். வெள்ளைக்காரர்கள் வீட்டில் குழந்தை பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு ஆயா என்று பெயர். அது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்பார்கள். வட சென்னையில் ஆயா என்றால் பாட்டி. தமிழில் தாயைக் குறிக்கும் 'ஆய்' என்ற பழைய சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஒருவர் சம்பளத்துக்குப் பார்த்தார், இன்னொருவர் உறவுக்காகப் பார்க்கிறார். பால்வாடியில் உதவிக்கு இருப்பவரையும் நம் ஊரில் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மொத்தத்தில் பெற்றவள் இல்லாத நேரத்தில் பிள்ளையைப் பார்க்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் ஒரே பெயர்தான்.

சரி, எழும்பூருக்கு வருவோம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களாக இங்கே வந்த ஐரோப்பியர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அப்போது சென்னையில் நிறையப் பேர் இருந்தார்கள். அப்பன் போரிலோ காய்ச்சலிலோ செத்துப்போவான், இல்லையென்றால் கப்பலேறிப் போய்விடுவான். இந்தப் பையன்களுக்காக 1789-ல் எழும்பூர்க் கோட்டைக் கொத்தளத்தில் ஓர் ஆதரவற்றோர் இல்லம் திறந்தார்கள். அதற்குப் பொறுப்பாளராக வந்தவர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர், பாதிரியார். 1787-ல் கல்கத்தாவுக்குப் போகிற வழியில் சென்னையில் இறங்கி இங்கேயே தங்கிவிட்டார். இல்லத்து வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். (ரொம்பத் தியாகி என்று நினைக்க வேண்டாம். ராணுவப் பாதிரியாராக ஒரே நேரத்தில் பல பதவிகளை வைத்திருந்தார். அங்கெல்லாம் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது.)

பையன்களைப் பார்த்ததும் பெல்லுக்கு என்ன தோன்றியது என்று அவரே பின்னால் எழுதி வைத்திருக்கிறார். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: முரண்டு பிடிக்கிறார்கள், சொன்ன பேச்சு கேட்பதில்லை, பொய் சொல்வது வழக்கமாகிவிட்டது, தந்திரமும் இரட்டை வேடமும் அதிகம். தாய்மாரிடமிருந்து பிரித்து வைத்தால்தான் இந்தப் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்பது அன்றைய ஐரோப்பியர் பலரின் எண்ணம். பெல்லும் அதற்கு விலக்கில்லை. ஒரு பிள்ளை பொய் சொன்னால் அதற்குக் காரணம் அவன் அம்மாவின் சாதி, நிறம், வளர்ப்பு என்று முடிவு கட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது பாருங்கள். அப்பன் செத்து, அம்மாவையும் பிரிந்து, தெரியாத பாஷையில் தெரியாத ஆள் கேள்வி கேட்டால் எட்டு வயதுப் பையன் உண்மையா பேசுவான்?

ஆனால் பெல்லை இதோடு விட்டுவிட முடியாது. அவர் அடுத்துச் செய்ததுதான் சுவாரசியம்.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள். காகிதமும் வேண்டாம், சிலேட்டும் வேண்டாம். உடனே இல்லத்துக்கு வந்து இதே மாதிரி மணலில் அகரவரிசை சொல்லிக்கொடுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார். சம்பள ஆசிரியர்கள் முடியாது என்றார்கள். பெல் யோசித்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகனான எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளின் வகுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான். அதன்பிறகு ஒவ்வொரு வகுப்பாகப் பையன்களின் பொறுப்புக்குப் போனது. பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித்தருவான், சின்னவன் நடத்தைக்கும் அவனே பொறுப்பு.

நம் ஊரில் சட்டாம்பிள்ளை என்று சொல்வோமே, அதேதான். திண்ணைப் பள்ளியில் ஏற்கெனவே இருந்த வழக்கம். மணலையும் அங்கிருந்தே எடுத்தார். ஆனால் உலகம் முழுக்க இதற்கு 'மெட்ராஸ் முறை' என்று பெயர் வந்தது. பெருமை பெல்லுக்குப் போனது. திண்ணை வாத்தியாரின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

பொய்க்கும் சேட்டைக்கும் அவர் செய்த ஏற்பாடு இன்னும் விசேஷம். கருப்புப் புத்தகம் என்று ஒன்று வைத்தார். யார் என்ன தப்பு செய்தாலும் அதில் பதிவாகும். உடனே அடி கிடையாது. வாரத்துக்கு ஒரு முறை எல்லாப் பையன்களையும் கூட்டி அந்தப் புத்தகத்தைத் திறப்பார்கள். பையன்களிலேயே 12 பேர் ஜூரியாக உட்கார்ந்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பல சமயம் பாதிக்கப்பட்ட பையனே 'விட்டுவிடலாம்' என்று கேட்டுக்கொள்ள, தண்டனை குறைந்துவிடும். தண்டிக்க வேண்டிய அவசியமே குறைந்துபோனது என்று பெல் சொல்கிறார். அவர் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்வது என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் படிக்க வேண்டும். ஆனாலும் சவுக்கும் பிரம்பும் சாதாரணமாக இருந்த 18-ஆம் நூற்றாண்டில், 'பொய்யர்கள்' என்று தானே எழுதிய பையன்களையே நீதிபதிகளாக உட்கார வைத்தது சின்ன விஷயம் இல்லை. அவர்களைப் பற்றி அவர் எழுதியதும் அவர்களிடம் அவர் நடந்துகொண்டதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நல்லவேளை, நடந்துகொண்டது எழுதியதைவிட மேலாக இருந்தது.

1796-ல் பெல் ஊர் திரும்பினார். 1797-ல் லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றிப் புத்தகம் போட்டார். அங்கே ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதே போன்ற முறையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். யார் கண்டுபிடித்தது என்று இருவர் தரப்புக்கும் பெரிய சண்டை. லங்காஸ்டர் அடிக்கக் கூடாது என்பவர். ஆனால் அடிக்குப் பதில் அவமானம்! தப்பு செய்த பிள்ளையின் கழுத்தில் கட்டையைக் கட்டுவது, கூடைக்குள் உட்கார வைத்துக் கூரையில் தொங்க விடுவது. இதற்கு அடியே தேவலை என்று எத்தனை பிள்ளைகள் நினைத்தார்களோ. பெல் 1832-ல் இறந்தபோது அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். அவர் விட்டுச்சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆரம்பித்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

சென்னையில் அந்தச் சோதனை ஊரைத் திருத்தியதா என்றால் இல்லை. அடுத்த நூற்றாண்டில் ஊர் வேறு மாதிரி மாறியது. 1856-ல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. 1875-ல் செயற்கைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது. வேலை தேடி வந்த குடும்பங்கள் வடக்கே குவிந்தன. அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளை எங்கே இருக்கும்? தெருவில். தெருவில் இருக்கும் பிள்ளையைப் போலீஸ் பார்க்கும். 1876-ல் சீர்திருத்தப் பள்ளிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது, 1897-ல் அதைத் திருத்தி எழுதினார்கள். இடையில் 1887-ல் செங்கல்பட்டில் சீர்திருத்தப் பள்ளி தொடங்கியது. தச்சு, தையல் போன்ற கைத்தொழில் கற்றுக்கொடுத்தால் திருடன் தொழிலாளி ஆகிவிடுவான் என்பது கணக்கு. ஆனால் அங்கே போக ஒரு குற்றமாவது நிரூபணமாகியிருக்க வேண்டும்.

1920-ல் அந்த வேலியும் போனது. அந்த வருடம் வந்த சென்னைக் குழந்தைகள் சட்டம் இந்தியாவிலேயே முதலாவது. வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும்தான் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தின் 1908-ஆம் வருடச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. நல்ல விஷயங்கள் நிறைய இருந்தன. பிள்ளைகளைப் பெரியவர்களோடு சிறையில் அடைக்கக் கூடாது, பிள்ளைகளுக்குத் தனி நீதிமன்றம் வேண்டும் என்றெல்லாம் சொன்னது. கூடவே அந்தப் பிரிவும் இருந்தது. பிள்ளையைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று பெற்றவரோ காப்பாளரோ நிரூபித்தால், நீதிமன்றம் அந்தப் பிள்ளையை அங்கீகரிக்கப்பட்ட பள்ளிக்கு அனுப்பலாம். 'அடங்காத பிள்ளை' என்பது வீட்டுத் திட்டாக இருந்தது, இப்போது சட்டச் சொல் ஆகிவிட்டது.

இதைக் கொடுமை என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதும் சரியில்லை. விடிவதற்கு முன்னால் மீன் ஏலத்துக்குப் போய், கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றுவிட்டு மதியம் வீடு திரும்பும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பத்து வயதுப் பையன் பள்ளிக்கூடம் போனேன் என்று பொய் சொல்லிவிட்டு ரயில்வே லைனில் சுற்றுகிறான். பார்த்துக்கொள்ளும் ஆயாவால் அவன் பின்னால் ஓட முடியாது. அவளுக்கு இருந்த வழிகள் என்ன? உள்ளே போட்டால் சோறு கிடைக்கும், நாலு எழுத்தும் ஒரு தொழிலும் கிடைக்கும், ரயிலில் அடிபட்டுச் சாக மாட்டான். இப்படி யோசித்த தாயை யார் குறை சொல்ல முடியும்? அதே சேட்டையைப் பண்ணும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் வாத்தியாரும் போர்டிங் ஸ்கூலும் இருந்தன. ஏழைக்கு நீதிமன்றம் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே 1920-ல்தான் இதற்கு முற்றிலும் வேறான ஒரு யோசனையும் இதே ஊரில் பிறந்தது. சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. சோறு போட்டால் பிள்ளை பள்ளிக்கு வரும், வந்தால் தெருவில் இருக்காது. 'அடங்காத' பிள்ளைக்கு ஒரு பக்கம் நீதிமன்றம், இன்னொரு பக்கம் ஓர் அணாச் சோறு. சில வருடங்களில் செலவைக் காரணம் காட்டிச் சோறு நின்றுபோனது. சட்டம் நிற்கவில்லை.

விடுதலைக்குப் பிறகு வடக்கே ஆலைகள் வரிசையாக வந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள். எம்.ஆர்.எஃப். கூட 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன் செய்துதான் ஆரம்பித்தது. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் இரும்பும் இயந்திரமும் சார்ந்த ஆலைகளில் ஆண்கள்தான் அதிகம். பெண்கள் இருந்தது மீன் கூடையிலும், வீட்டு வேலையிலும், கருவாடு காய வைக்கும் மணலிலும். அங்கே 30 பேரை யார் எண்ணுவது? அதோடு ஆறு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பகமும் கிடையாது. பிள்ளை விவரமாகப் பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும் வயதில் சட்டம் கையை விரித்துவிடுகிறது.

அதனால் வீட்டில் மூத்த பெண்தான் காப்பகம். ஜான் ஃபிரிஸ்கனுக்காவது பெல் என்ற ஆள் பின்னால் நின்றார். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு குழாயடியில் நிற்கும் பத்து வயது அக்காவுக்குப் பின்னால் யாரும் இல்லை. தம்பி கீழே விழுந்து அடிபட்டால் அடி வாங்குவது அவள். அதனால் "அவனா விழுந்தான், நான் இல்ல" என்று பொய் சொல்வதும் அவள்தான். 1982-ல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தை ஜூலையில் கிராமங்களிலும் செப்டம்பரில் நகரங்களிலும் கொண்டுவந்தது. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரைக்குமான பிள்ளைகளுக்குப் பால்வாடியில் சோறு. அரசியலில் அதைப் பற்றி எத்தனையோ பேசினார்கள். ஆனால் குப்பத்தில் பெரிய மாற்றம் என்பது அந்தச் சில மணி நேரம் அக்காவின் இடுப்பு காலியானதுதான்.

பொய் சொல்லும் பிள்ளையைப் பற்றி ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? 1928-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். தேர்வில் காப்பியடிப்பது, விளையாட்டில் ஏமாற்றுவது, பணத்தை எடுப்பது என்று பல சந்தர்ப்பங்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். பிள்ளைகளைப் 'பொய்யன்', 'யோக்கியன்' என்று இரண்டாகப் பிரிக்கவே முடியவில்லை. ஓரிடத்தில் ஏமாற்றும் பிள்ளை இன்னோர் இடத்தில் நேர்மையாக இருந்தது. 2011-ல் டால்வார், காங் லீ இருவரும் மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகளை ஒப்பிட்டு எழுதினார்கள். ஒன்றில் பிரம்படி உண்டு, மற்றதில் கண்டிப்பு மட்டும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். திரும்பிப் பார்த்த பிள்ளைகளில், அடி வாங்கும் பள்ளியைச் சேர்ந்தவை கிட்டத்தட்ட எல்லாமே 'பார்க்கவில்லை' என்றன. அதுமட்டுமல்ல, மாட்டிக்கொள்ளாமல் அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலும் அவைதான் கெட்டி. அடியால் பொய் குறையவில்லை, பொய்யின் தரம்தான் உயர்ந்தது!

சட்டம் மெதுவாகத்தான் மாறியது. 1986-ல் நாடு முழுவதற்கும் வந்த சிறார் நீதிச் சட்டத்திலும் 'அடங்காத சிறார்' என்ற பிரிவு இருந்தது. 2000-ஆம் வருடச் சட்டத்தில் அந்தச் சொல் காணாமல் போனது. அதற்குப் பதில், பெற்றவரால் பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளையும் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' ஆனது. இயலாமை பிள்ளையின் தலையிலிருந்து பெரியவர் தலைக்கு மாறியது. கேட்க ஒரு சொல் மாற்றம் போல இருக்கும். ஆனால் உள்ளே போகும் பையனை வார்டன் எப்படிப் பார்க்கிறார் என்பது இந்தச் சொல்லிலும் இருக்கிறது. 2003-ல் தமிழ்நாடு பள்ளிகளில் அடிக்கும் விதியை நீக்கியது. 2015-ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டம், இல்லங்களில் பிள்ளைகளை அடிப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

காகிதத்தில் இவ்வளவு நடந்தும் இல்லங்கள் அப்படியே மாறிவிடவில்லை. 2020 ஜூனில் இராயபுரம் அரசினர் சிறுவர் இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குக் கொரோனா தொற்று வந்தபோது, உச்ச நீதிமன்றமே தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. எல்லோரும் அவரவர் வீட்டுக்குள் இருந்த நேரம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த இல்லம்தான் வீடு.

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டில், 1887-லிருந்து பிள்ளைகளைத் திருத்தி வரும் அதே ஊரில், ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். உடம்புக்கு முடியாமல் போய்விட்டது என்று முதலில் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரிந்தன. இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது ஆனார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு ஒருநபர் குழு அமைத்தது. இல்லங்களை எப்படி மாற்ற வேண்டும் என்று 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அந்தச் செங்கல்பட்டுச் சம்பவத்தில் பொய் சொன்னது யார் என்று பார்த்தால், கருப்புப் புத்தகத்தில் யாருடைய பெயரை எழுதியிருக்க வேண்டும் என்பது தெரியும்.

பெல்லின் இல்லத்துப் பையன்களை 1870-களில் ஊட்டிக்கு, லாரன்ஸ் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கொத்தளம் இருந்த இடத்தில் 1908-ல் எழும்பூர் ரயில் நிலையம் திறந்தது. வட சென்னையிலிருந்து ஒரு பையனைச் செங்கல்பட்டுக்கு மின்சார ரயிலில் அழைத்துப்போனால், 12 பையன்கள் ஜூரியாக உட்கார்ந்திருந்த அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும்.